கீழ்ப்படி ஓரத்தில் இருந்த பொம்மை வீடு

நவராத்திரிக்கு நம் சமுதாயக் கூடத்தில் வைத்த கொலுவில், கீழ்ப்படி ஓரமாகத் தரையில் ஒரு பழைய மர வீடு இருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை அடி அகலம். கீழே திண்ணை, பட்டாசாலை, அடுப்படி. மேலே ஒரு மச்சு. "சார், இவ்வளவு தூரம் சரி பண்ணினவர் முழுசாகப் பெயிண்ட் அடித்திருக்கலாமே?" என்று கேட்டவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். "தாத்தா, ஒரு சுவர் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். சுண்டல் கிண்ணத்தோடு நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. செய்திமடல் குழுவினர் இடம் தந்ததால் இங்கே எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். ஒரு பழைய பொருளைச் சரிசெய்யப் போய்த் தவறு செய்துவிட்டு, அந்தத் தவறினால் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பரணில் கிடைத்தது

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம். பூட்டிக் கிடந்த பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் இந்தப் பொம்மை வீடு கிடைத்தது. 1961-ல் என் அக்காவுக்கு எட்டு வயது. அப்போது எங்கள் தாய்மாமா சரக்குப் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்து கொடுத்தது. நான் அப்போது இரண்டு வயதுப் பிள்ளை.

பின்பலகையின் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஒரு கதவைக் காணோம். உள்ளே தீப்பெட்டியில் செய்த கட்டிலும் பீரோவும் நைந்து கிடந்தன. பட்டாசாலைச் சுவரில் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய முருகன் படம் மட்டும் நிறம் மங்காமல் இருந்தது. நான்கு பக்கச் சுவரிலும் நீலப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது.

என் பேத்திக்கு அது ரோஸ் நிற வீடாக வேண்டும். கடையில் உப்புத்தாளும் ஒரு டப்பா எனாமல் பெயிண்டும் வாங்கிவந்து, மச்சின் இடப்பக்கச் சுவரை முதலில் தேய்த்தேன். நீலம் போனது. அடியிலிருந்து காகிதம் நார் நாராக வந்தது. பழைய செய்தித்தாள் போலிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்து முடித்தேன். அதன்பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்தேன். பெயிண்ட் உரிந்திருந்த இடத்தில் ஒரு மயில் தெரிந்தது. பக்கத்தில் ஒரு ரோஜா. கைவிளக்கு வைத்துப் பார்த்தால், சுவர் முழுக்கத் தீப்பெட்டி லேபிள்கள். வரிசை பிசகாமல், ஓரத்துக்கு ஓரம் சேர்த்து ஒட்டியிருந்தது. நான் தேய்த்து எறிந்ததும் அதுதான்.

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, இந்த வீடு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

சிற்றில்

பொம்மை வீடு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மரத்தில் செய்து, முன்பக்கம் திறந்து, உள்ளே மேசை நாற்காலி போடுவது வேண்டுமானால் அவர்கள் வழக்கமாக இருக்கலாம். வீடு கட்டி விளையாடுவது நம்மிடம் மிகப் பழையது. அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: சிற்றில். சிறு இல், அதாவது சின்ன வீடு. சிறுமியர் மணலில் கட்டும் வீடு. சங்க இலக்கியத்தில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது. கலித்தொகையில் கபிலர் பாடிய ஒரு குறிஞ்சிப் பாட்டில், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்து நிற்கும் இளைஞன் யார் தெரியுமா? சின்ன வயதில் தெருவில் இவள் கட்டிய சிற்றிலைக் காலால் கலைத்துவிட்டு ஓடிய அதே பையன்.

எங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும் இதுதான் பொருள். பெண்பிள்ளைகள் முதுகு நோக உட்கார்ந்து கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் மன்றாடுகிறார்கள். பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குரிய பத்துப் பருவங்களில் சிற்றிலும் ஒன்றாயிற்று. அங்கேயும் அதே வேண்டுதல்தான். பெண்பிள்ளைகள் கட்டுவார்கள், ஆண்பிள்ளை கலைப்பான். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கவிகள் இதைக் குறும்பு என்று ரசித்திருக்கிறார்கள். கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த எனக்கு ரசிக்க முடியவில்லை.

மணல் வீடு மறுநாள் இருக்காது. ஆனால் சுட்ட மண் நிற்கும். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில் மேட்டுக்காடு என்று ஓர் இடம். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச் 16-ல் அகழாய்வைத் தொடங்கி, 2023-லும் 2024-லும் அடுத்தடுத்த கட்டங்களாகத் தோண்டியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் ஏராளமாக வந்தன. தங்க அணிகலனும் வந்தது. கூடவே சுடுமண்ணில் செய்த மனித உருவங்கள், விலங்கு உருவங்கள், ஆட்டக்காய்கள், வட்டச் சில்லுகள். பெயர் போன செய்தி தங்கம்தான். நான் கண்காட்சியில் அதிக நேரம் நின்றது வட்டச் சில்லுகளுக்கு முன்னால். உடைந்த பானை ஓட்டை எடுத்து ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. வீணாய்ப் போன பொருளை விளையாட்டுப் பொருளாக மாற்றுவது எங்கள் பக்கத்தில் நேற்று வந்த பழக்கம் இல்லை.

ஐரோப்பாவில்

மரத்தில் செய்த பொம்மை வீட்டின் கதை வேறு. பதிவுகளில் முதலில் தெரியவருவது, பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58-ல் மியூனிக் நகரில் செய்வித்த வீடு. அது 1674-ல் அரண்மனைத் தீயில் போய்விட்டது. ஆனால் 1598-ல் அரண்மனைப் பொருள்களுக்கு எடுத்த கணக்குப் பட்டியல் மிஞ்சியது. அதனால்தான் அந்த வீட்டில் என்னென்ன அறைகள் இருந்தன என்று இன்றும் தெரிகிறது. பொருள் போனாலும் பதிவேடு நின்றால் போதும் என்பதற்கு என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686 முதல் 1710 வரை பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அந்தப் பணத்தில் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்பார்கள். இங்கிலாந்தில் மேரி ராணிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை மாளிகை செய்தார்கள். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் எல்லாமே பன்னிரண்டில் ஒரு பங்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், லிப்ட் ஓடும். நூலகத்துக்காகக் கானன் டாயில் தன் கையாலேயே ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுத்தார். 1924-ல் வெம்பிளிப் பொருட்காட்சியில் 16 லட்சம் பேர் பார்த்தார்கள். இப்போது வின்சர் கோட்டையில் இருக்கிறது. அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் டெல்லியில் வைஸ்ராய்க்கு அவர் வடிவமைத்த மாளிகை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நம் குடியரசுத் தலைவர் மாளிகை அதுதான்.

இவையெல்லாம் குழந்தைகள் கைவைக்கக் கூடாத வீடுகள். செல்வத்தைக் காட்டச் செய்தவை. எங்கள் மாமா செய்தது அந்த வகையும் இல்லை, மணல் வீடும் இல்லை. அது தீப்பெட்டி ஊர்களுக்கே உரிய ஒரு நடுவகை.

தீப்பெட்டி வீடு

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923-ல் சொந்த ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். மழையை நம்பிய கரிசல் பூமி. வானம் பொய்த்தால் வேலை இல்லை. காய்ந்த காற்று தீக்குச்சிக்கு நல்லது. தீப்பெட்டியோடு பட்டாசும், இரண்டுக்கும் லேபிள் வேண்டுமென்பதால் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. அதே அச்சகங்கள் காலண்டரும் அடித்தன. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் அப்படித்தான் வீடு வீடாகப் போயின. எங்கள் பொம்மை வீட்டு முருகன் அவர் கைதானா என்று சொல்ல முடியாது; படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் ஒட்டியிருக்கிறது.

அப்போது தீப்பெட்டி மெல்லிய மரச் சீவலில் செய்வது. சீவலை மடித்துக் காகிதம் சுற்றி ஒட்டும் வேலையை வீடுகளுக்குக் கொடுப்பார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். சாயங்காலமானால் திண்ணைக்குத் திண்ணை பெண்களும் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கோணலாய்ப் போன பெட்டியும் கறை பட்ட லேபிளும் மிஞ்சும். அவைதாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயில், கட்டில், பீரோ, வீடு.

வசதியுள்ள வீடுகளில் அம்பாசமுத்திரம் மரச்செப்பு இருக்கும். கடைசல் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு, அரக்குக் கட்டியை அழுத்திப் பிடித்தால், உராயும் சூட்டில் அரக்கு உருகி நிறம் ஏறும். எங்கள் பொம்மை வீட்டு அடுப்படியிலும் அப்படி ஒரு குட்டி அம்மியும் ஒரு செப்புக் குடமும் இருக்கின்றன. ஏதோ ஒரு திருவிழாவில் வாங்கியது.

அக்கா சொன்னது

அன்று இரவே அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"அந்த லேபிளெல்லாம் நான் ஒட்டுனதுடா" என்றார். "கறைபட்டதை மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கி வச்சு, ஒரு மாசமா ஒட்டுனேன். அதுக்கு மேல நீலப் பெயிண்ட் அடிச்சது யாரு? நீதான். நாலாப்போ அஞ்சாப்போ படிக்கும்போது, பொங்கலுக்கு ஜன்னலுக்கு அடிச்சு மிஞ்சுன பெயிண்டு."

எனக்கு நினைவே இல்லை. "நீ ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"நான் எங்க இருந்தேன் சொல்றதுக்கு? பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன். அந்த வீட்டுல என்னைவிட நீதானடா ரொம்ப விளாண்ட."

குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்தக் கணக்கு சரி. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றார். தினமும் இரண்டு மூன்று குரோஸ் ஒட்டினார். நான் கல்லூரி வரை படித்தேன். என் பள்ளிக்கூடச் செலவில் அந்தக் குரோஸ் கூலியும் சேர்ந்திருக்கிறது. இதை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. அதிலும் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. திண்ணையில் ஒட்டும் பிள்ளைகள் அந்த ஓட்டை வழியே நழுவிப் போனார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியாக வேண்டும் என்றது. 1986 சட்டம் வந்தபோது அக்காவுக்கு வயது 33. அவர் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இப்ப என்ன செய்யட்டும்? அப்படியே கண்ணாடிப் பெட்டியில வச்சிரட்டுமா?" என்று கேட்டேன்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கவா மாமா செஞ்சு குடுத்தாரு? பிள்ளை விளாடட்டும்" என்றார்.

சரிசெய்த விதம்

வங்கியில் நாங்கள் கையால் பேரேடு எழுதிய காலத்தில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். பின்னால் பார்ப்பவருக்கு முதலில் என்ன இருந்தது, எது திருத்தம், யார் திருத்தினார் என்ற மூன்றும் தெரிய வேண்டும். அருங்காட்சியகங்களில் பழம்பொருளைச் செப்பனிடுபவர்கள் பின்பற்றும் விதியும் ஏறத்தாழ இதேதான் என்று படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

உங்கள் வீட்டிலும் பழைய பொம்மைகள் இருக்கலாம் என்பதால், செய்ததைச் சொல்கிறேன்.

கரையான் தின்ற பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புதுப் பலகை வைத்தேன். அதற்குப் பழைய நிறம் பூசவில்லை. பார்த்தவுடன் புதுசு என்று தெரியும். உள்பக்கம் பென்சிலால் தேதியும் என் சுருக்கொப்பமும் இருக்கின்றன.

பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். நான் செய்த முதல் தவறு அது. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் நிறைய இருக்கும். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது. உதிரும் செதில்களை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். பிடித்து நின்றதன் மேல் நிறமில்லாத வார்னிஷ் பூசிவிட்டேன். எதிர்ச்சுவரில் மயிலும் ரோஜாவும் தெரியும் இடத்தை அப்படியே விட்டேன். அதற்கு மேல் நீலத்தைச் சுரண்டவில்லை. அந்த நீலமும் நான் எழுதிய பதிவுதானே.

மரச்செப்பைத் துடைக்க ஸ்பிரிட்டோ தின்னரோ சானிடைசரோ வேண்டாம். அரக்கு சாராயத்தில் கரையும். நிறம் கையோடு வந்துவிடும். காய்ந்த பருத்தித் துணி போதும்.

காகிதம் ஒட்ட இப்போதைய வெள்ளைப் பசை வேண்டாம். அது காய்ந்தால் பிறகு பிரியாது. மாவுப் பசை என்றால், நாளைக்கு வேறொருவர் வந்து பிரிக்க நினைத்தாலும் தண்ணீர் தொட்டுப் பிரிக்கலாம். நம் திருத்தத்தையும் திருத்த இன்னொருவருக்கு இடம் விட வேண்டும். மயில்துத்தம் மட்டும் சேர்க்க வேண்டாம், விஷம். பிள்ளைகள் கையை வாயில் வைக்கும்.

ரோஸ் நிறம் கேட்ட பேத்தியையும் ஏமாற்றவில்லை. காணாமல் போன கதவுக்குப் பதில் புதுக் கதவு செய்து, அதற்கு மட்டும் ரோஸ் நிறம் அடித்தேன்.

மிஞ்சியது நான் தேய்த்துக் கெடுத்த இடப்பக்கச் சுவர். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மரம் தெரிய விட்டு வைத்திருந்தேன். நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு அக்கா வந்தார். எதிர்ச்சுவரில் தெரிந்த லேபிள்களைப் படமெடுத்துக் கலர் நகல் போட்டு வைத்திருந்தேன். மாவைக் காய்ச்சச் சொன்னார். தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை, முழங்கால் வலி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பசையில் ஒரு விரல், காகிதத்தில் ஒரு இழுப்பு, சுவரில் ஒரு அழுத்து. பேத்தியோடு பேசிக்கொண்டே ஒட்டினார், கையைப் பார்க்கவே இல்லை. அறுபது வருஷமாகத் தொடாத வேலை.

"அத்தைப் பாட்டி, இவ்வளவு வேகமா ஒட்ட எங்க கத்துக்கிட்டீங்க?" என்று பேத்தி கேட்டாள்.

அக்கா சொன்னார். எதையும் மறைக்காமல், எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கேட்டு முடித்த பேத்தி, தானும் ஒரு லேபிளை எடுத்துப் பசை தடவி ஒட்டினாள். கீழ் வரிசையில் மூன்றாவது அது. கொஞ்சம் சாய்ந்திருக்கும். அக்கா அதை நேராக்கவில்லை.

கூடத்தில் நீங்கள் பார்த்த வேறு மாதிரியான சுவர் அதுதான். ஒட்டி முடித்த பிறகு சுவரின் பின்பக்கம் தேதி எழுதி, அக்காவிடம் பென்சிலைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு கொலுவின்போது, நம் குடியிருப்பில் உள்ள பழைய விளையாட்டுப் பொருள்களுக்கென்று கூடத்தில் தனியாக ஒரு மேசை போடலாம் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன். மரப்பாச்சி, செப்பு, தகரக் கார், எதுவானாலும் சரி. உடைந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்துவிட்டுக் கொண்டுவர வேண்டாம். அதை வைத்திருந்தவர் யார், அவருக்கு அதில் விளையாட நேரம் இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, உடன் வையுங்கள். அந்தச் சீட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.